அக்கா வைத்த கூடை

எங்கள் ஜெமாலப் தீவில் அலிக்கைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் முதலில் அவன் தொப்பியைத்தான் சொல்வார்கள். தீவு மண்ணை அளக்க வருகிற வெள்ளைக்காரர்கள் கொடுத்த நீலத் தொப்பி. வெயிலுக்கென்று கொடுத்தார்கள். அவன் மழையிலும் போட்டுக்கொண்டான், சர்ச் வாசல்வரைக்கும் போட்டுக்கொண்டு போனான். பிள்ளைகள் அவன் முதுகுக்குப் பின்னால் 'மண்ணள்ளி மாமா' என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள்.

அவனுக்கு அதில் கோபமில்லை. மண் அள்ளுவதுதானே பிழைப்பு. வெள்ளைக்காரர்கள் அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலத்தில் வானத்திலிருந்து கொட்டிய வெள்ளைத் தூள் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. இன்றைக்கு அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆனால் அதிலிருந்த சீசியம் என்கிற கதிர்வீச்சுச் சனியன் மட்டும் வேர் வழியாக ஏறி, இளநீரிலும் தாழம்பழத்திலும் சீமைப்பலாவிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் பவளமண்ணில் பொட்டாஷ் சத்து குறைவு. பசித்த மரம் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது. பொட்டாஷ் உரத்தைத் தூவினால் மரத்தின் பசி அடங்கும், சீசியத்தைத் தொடுவதும் குறையும். எந்த நிலத்துக்கு எவ்வளவு உரம் என்று சொல்வதற்கு அந்த நிலத்து மண்ணையும் காயையும் அளந்தாக வேண்டும். அதற்கு ஒருவன் குழி தோண்டி மண்ணை அடுக்கடுக்காக எடுக்க வேண்டும், மரம் ஏற வேண்டும், பறித்ததைப் பையில் கட்டிச் சீட்டு எழுத வேண்டும். அந்த ஒருவன்தான் அலிக்.

அவன் பிறந்தது ஜெமாலப்பில் அல்ல. குண்டுக்குப் பிறகு தீவுக்காரர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்ட வேறொரு தீவில், வேறொருவர் நிலத்தில், தகரக்கூரையின் கீழ் பிறந்தான். அரிசியும் டின் இறைச்சியும் தின்று வளர்ந்தான். வாலிபத்தில் கொப்பரை ஏற்றும் கப்பலில் மூட்டை தூக்கினான். இடுப்பு அங்கேயே பாதி போய்விட்டது. சனங்கள் ஊருக்குத் திரும்பலாம் என்று ஆனபோது அவன் தலைநகர் மஜூரோவில் வேலையில்லாமல் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே இன்ன சாதி என்று சொல்லத் தெரிந்தவன் வேண்டும் என்று அளப்புக்காரர்கள் கேட்டார்கள். துறைமுகத்தில் இருந்த எல்லோரும் அவனைக் கை காட்டினார்கள். அன்றைக்கு வந்ததுதான் அந்தத் தொப்பி.

அவனுடைய அக்கா எர்சீனா, புருஷன் ஜோர்லாங்கோடும் ஒரே மகள் தர்லீனோடும் ஜெமாலப்பிற்குத் திரும்பி வந்திருந்தாள். உள்கடல் பக்கம் தொடங்கி வெளிக்கடல் பக்கம்வரை நீளும் ஒற்றைப் பட்டையாக அவர்கள் நிலம் கிடந்தது. அம்மா வழி நிலம். எர்சீனாவுக்குப் பிறகு தர்லீனுக்கு. அலிக்குக்கும் அதில் பாத்தியதை உண்டு, ஆனால் அந்த நிலத்தில் அவன் காலடி பட்டது குழி தோண்டும்போது மட்டும்தான்.

அக்காவிடம் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களில் அக்காவும் தம்பியும் வளர்ந்த பிறகு எதிரெதிரே உட்கார்ந்து கதை பேச மாட்டார்கள். கேலி கிடையாது, உடம்பைப் பற்றிய பேச்சு அறவே கிடையாது. அக்கா ஒன்றைச் செய்தால் ஏன் செய்தாய் என்று தம்பி கேட்பதில்லை. இருவருக்கும் நடுவே பேசவேண்டியதை ஜோர்லாங் பேசினான். அவன் பேச்சு ஒன்றுக்கு மூன்றாக இருக்கும். எர்சீனாவோ எதைக் கொடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்கிறவள் அல்ல. வைப்பாள், போய்விடுவாள்.

போன வருஷத்துப் பயணத்தில் கடைசி நாளின் கடைசி நிலம் எர்சீனாவுடையது. காலையிலிருந்து நிலம் நிலமாகக் குழி தோண்டியாயிற்று. பவளக்கல் கலந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அலிக்கின் இடுப்பு விட்டால் போதும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. கடல் வேறு வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் வற்றினால் படகு பாறையில் தட்டும் என்று படகுக்காரன் கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். அளப்புக் குழுவின் தலைவர் டாக்டர் வெஸ்லி மண் மூட்டைகளோடு முன்னால் போய்விட்டார். அந்த நிலத்தில் மண்ணோடு அளக்கக் குறித்திருந்தது தாழம்பழம் மட்டும்தான், அதுதான் பாக்கி.

அளக்கவேண்டிய தாழைமரத்தில் எண் போட்ட வட்டத் தகரவில்லை ஒன்று அடித்திருந்தது. அது வெளிக்கடல் பக்கம் இருந்தது, நல்ல உயரம். ஒவ்வொரு வருஷமும் அதே மரத்திலிருந்து பறிக்க வேண்டும் என்பதுதான் வேலையின் முதல் விதி. அலிக் அண்ணாந்து பார்த்தான். உச்சியில் பழம் முற்றி நின்றது.

அப்போது எர்சீனா வந்தாள். அன்று பின்னிய பச்சைக் கீற்றுக்கூடை ஒன்றை அவனுடைய பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் தலையைத் தூக்கவில்லை. பேசாமல் சமையல் குடிசைக்குத் திரும்பிவிட்டாள்.

கூடை நிறையத் தாழம்பழச் சுளைகள். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஒவ்வொன்றும் கைப்பிடி கனம். அலிக்குக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இது தேன்தாழை. ஜெமாலப்பில் இது கிடையாது. தெற்கே எனெரிக் என்கிற குட்டித் தீவில் மட்டும்தான் இருக்கிறது. வெள்ளைத் தூள் அந்தப் பக்கம் அவ்வளவாக விழவில்லை.

அக்கா எதற்காக எனெரிக் பழத்தைக் கொண்டுவந்து வைக்கிறாள்? அவனே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டான். நிலத்துக்குக் கெட்ட பெயர் வந்தால் தர்லீனுக்கு என்ன மிஞ்சும் என்று பயந்திருக்கிறாள். மெஷினை ஏமாற்றப் பார்க்கிறாள், பாவம். கேட்டால் அவளைப் பொய்க்காரி ஆக்கியதாகும். கேட்காமல் மரம் ஏறினால் அவள் கொடுத்ததைக் காலால் தள்ளியதாகும். இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டான். உள்ளதைச் சொன்னால், கூடையைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டது அவன் இடுப்புதான்.

சுளைகளை எண்ணிக்கூடப் பார்க்காமல் பிளாஸ்டிக் பையில் கொட்டினான். தகரவில்லையின் எண்ணைச் சீட்டில் எழுதினான். பையின் வாயை முறுக்கிக் கட்டி நிமிர்ந்தபோது, எர்சீனா குடிசை வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். தம்பி காட்டிக்கொடுக்க மாட்டான் என்று தெரிந்து நிம்மதியாகப் போகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். வெறும் கூடையை அங்கேயே போட்டுவிட்டுப் படகுக்கு ஓடினான்.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. வெஸ்லிக்குத் தலைகால் புரியவில்லை.

"அலிக், உங்க அக்கா நிலத்து மண்ணு ரொம்ப மோசமா இருக்கு. ஆனா பழம் பாருங்க, துடைச்சு வச்ச மாதிரி சுத்தம். இது எப்படி?"

"நல்ல மரம் சார்" என்றான் அலிக்.

வெஸ்லி அதை நம்பினார். படித்தவருக்கு அப்படி ஒரு மரம் கிடைத்தால் விடுவாரா? எங்கேயோ ஒரு கூட்டத்தில் அந்த மரத்தின் படத்தைப் போட்டுக் காட்டி அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார். அப்போதாவது அலிக் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அக்காவின் மானத்தைக் காப்பாற்றிய தம்பி என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்தான்.

அந்த வருஷம் கப்பலில் பொட்டாஷ் மூட்டைகள் குறைவாகத்தான் வந்தன. பழத்தில் அளவு அதிகமுள்ள நிலங்களுக்கு முதலில் என்று தீவுக் கவுன்சில் முடிவு செய்தது. எர்சீனாவின் நிலத்துக்கு ஒரு மூட்டையும் இல்லை. அளந்து பார்த்தாயிற்று, பயமில்லாமல் சாப்பிடலாம் என்று அவளிடம் சொன்னார்கள்.

ஜோர்லாங் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தான். "என்ன மச்சான், உங்க அக்கா எங்கிட்ட பேசற மாதிரி மரத்துக்கிட்டயும் பேசியிருப்பா போல. சீசியம் துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடிருச்சு!"

அலிக்கும் சேர்ந்து சிரித்தான்.

இந்த வருஷம் அளப்புக் குழு நாற்காலியையும் கொண்டுவந்தது. உடம்புக்குள் எவ்வளவு சீசியம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்கிற நாற்காலி. பள்ளிக்கூடத்துப் பின்னறையில் போட்டார்கள். பெயர் கூப்பிடுவதும் பிள்ளைகளை அசையாமல் உட்கார வைப்பதும் அலிக்கின் வேலை.

தர்லீன் காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். "மாமா, எனக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா இதுக்கு?"

"தெரியும். நீ எத்தன பொய் சொன்னன்னுகூடத் தெரியும். ஆடாம உக்காரு."

அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் கோடு ஏறியது. மற்றப் பிள்ளைகளுக்கு நின்ற இடத்தில் நிற்காமல் மேலே போனது. வெஸ்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை எண்ணினார். அதேதான். எர்சீனாவுக்கும் ஜோர்லாங்குக்கும் அப்படியே இருந்தது.

"பயப்பட வேண்டாம், ஆபத்தான அளவு இல்ல. நிறுத்திட்டா தானா இறங்கிடும்" என்றார் வெஸ்லி. "ஆனா மத்தவங்களவிட ரொம்ப ஜாஸ்தி. எதத் தின்னு ஏறுதுன்னு தெரிஞ்சாத்தானே நிறுத்த முடியும்? அந்த நிலத்துப் பழம் சுத்தம்னு நாமளே அளந்திருக்கோம். அப்போ வேற என்னமோ சாப்பிடறாங்க."

அலிக் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டான்.

வேற என்னமோ என்ன என்று கண்டுபிடிக்க ஜெமாலப்புக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. வடக்குத் தீவுத்துண்டுகளில் தென்னை நண்டு மண்டிக் கிடக்கிறது. வெள்ளைத் தூள் கனமாக விழுந்த இடம் அது. நண்டு அத்தனையையும் ஓட்டுக்குள் சேர்த்து வைத்திருக்கும் என்று அங்கே போவதைக் கவுன்சில் தடை செய்திருந்தது. ஜோர்லாங்கிடம் படகு இருக்கிறது, படகுக்குப் புது எஞ்சின் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் போதகரின் மனைவி தெம்கோ. "மீன் பிடிக்கப் போறவன் ஏன் வடக்கத் திரும்பறான்? பெத்த பிள்ளைக்கு விஷத்த ஊட்டுவாளா ஒருத்தி? நாக்கு ருசி அப்படி."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மரத்தடியில் பாய் விரித்தார்கள். வீட்டுக்கு ஒரு பாத்திரம் வரிசையாக வந்தது. எர்சீனா தேங்காய்ப்பாலில் வேகவைத்த சீமைப்பலா கொண்டுவந்திருந்தாள். தட்டுகள் நகர்ந்தன. அவள் பாத்திரத்துக்கு முன்னால் வந்ததும் கைகள் தாண்டிப் போயின. ஒருத்தி தாண்டினாள், அடுத்தவளும் தாண்டினாள். கொடுத்த சோற்றை வேண்டாம் என்று சொன்னவர் யாரும் எங்கள் தீவில் கிடையாது. அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"குழந்தைங்க இருக்காங்கல்ல, எதுக்கு வம்புன்னுதான்" என்று தெம்கோ பொதுவாக ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அலிக் கையில் தட்டோடு எதிர்ப் பாயில் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்துபோய் ஒரு கரண்டி எடுத்திருந்தால் போதும். நீலத் தொப்பிக்காரனே எடுக்கிறான் என்று நாலு பேர் பின்னால் வந்திருப்பார்கள். அவனுக்கு அது தெரிந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தது. கால் எழவில்லை. எர்சீனா பாத்திரத்தை மூடினாள், தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவன் தட்டிலிருந்த மீனின் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஜோர்லாங் அவனைத் தேடிக்கொண்டு படகுத்துறைக்கு வந்தான். முதல் தடவையாக அவன் பேச்சில் கேலி இல்லை.

"மச்சான், இன்னைக்கு சாயந்தரம் கவுன்சில் கூடுது. படகப் பிடுங்கப் போறாங்களாம். நான் வடக்கப் போனதே இல்ல, சத்தியமா. ஒன் தங்கச்சி புருஷனா இருந்தா விட்டுத்தள்ளு, அக்கா புருஷன் நான். நீ அளக்கறவன். நீ ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க."

"நான் என்னத்தச் சொல்றது?"

"நாங்க எங்க நெலத்துலதான் தின்னோம்னு சொல்லு. நீங்கதானே தின்னலாம்னு சொன்னீங்க! மெஷின் சொல்லுச்சுன்னு அவ அந்தத் தாழையத்தான் நாளும் புள்ளைக்குக் குடுக்கறா. இப்பவும் குடுக்கறா."

இப்பவும். அலிக் அந்த ஒரு சொல்லோடு அக்கா நிலத்துக்கு நடந்தான். வாசலில் தர்லீன் தகரவில்லை மரத்தின் சுளையை வைத்துக்கொண்டு சப்பிக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் மஞ்சள், சுளையின் நுனி துடைப்பம் மாதிரி நார்நாராகப் பிரிந்திருந்தது. மடியில் இன்னொன்று இருந்தது. மாமாவைப் பார்த்ததும் பாதி தூரம் அதை நீட்டினாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, மாமாவுக்கு இல்லையா?"

"நீங்க வாங்க மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

அந்தப் பேச்சு அவனுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்கிற நிலைமையிலும் அவன் இல்லை. "நாளையிலருந்து இது வேணாம்டா கண்ணு" என்று மட்டும் சொல்லி, கையிலிருந்ததையும் மடியிலிருந்ததையும் வாங்கிக்கொண்டான். பிள்ளை அழவில்லை. என்ன தப்புச் செய்தோம் என்பதுபோல அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவனால் நிற்க முடியவில்லை.

கூட்டத்துக்குப் போகிற வழியில் தீர்மானித்தான். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வது. சோம்பலில் வேறு பழத்தைப் பையில் போட்டேன் என்று சொல்லிவிடுவது. கூடையைப் பற்றிப் பேசக்கூடாது. அக்கா செய்த சின்னப் பொய் தன்னோடு போகட்டும். வேலை போனாலும் போகட்டும். இப்படி நினைத்ததில் நெஞ்சு கொஞ்சம் நிமிரக்கூடச் செய்தது. வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தியாகி ஆகிவிட இத்தனை சுலபமாக ஒரு வழி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

கவுன்சில் கூட்டத்துக்குத் தீவே வந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் பாய்களில் இன்னொரு பக்கம். வெஸ்லி ஓரத்தில் மடக்கு நாற்காலியில் இருந்தார். ஜோர்லாங்கின் படகைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் அலிக் எழுந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"அவரு வடக்கப் போகல. நண்டும் தின்னல. அவங்க தின்னது அவங்க நெலத்துத் தாழம்பழம். அது சுத்தம்னு சொன்ன அளவு தப்பு. போன வருஷம் நான் மரம் ஏறல. இடுப்பு வலின்னு விட்டுட்டேன். வேற எடத்துப் பழத்தப் பையில போட்டு, இந்த மரத்து நம்பர எழுதிட்டேன். தப்பு என்னோடது."

மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் இல்லை. அலிக்கே திரும்பி வெஸ்லியிடம் ஆங்கிலத்தில் இன்னொருமுறை சொன்னான். ஒரே குற்றத்தை இரண்டு பாஷையில் சொல்வது லேசான காரியமில்லை. வெஸ்லிக்குக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிய மரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவர் கழுத்து சிவந்துகொண்டே போனது.

"அது சரி" என்றாள் தெம்கோ. அவள் சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "எந்த எடத்துப் பழம்? இடுப்பு வலிக்காரன் கைக்கு அது எப்படி வந்துச்சாம்?"

அலிக் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். "எனெரிக் பழம். அங்க... கெடந்துச்சு."

"எனெரிக் பழம் இங்க வந்து எப்படிக் கெடக்கும்? அதுக்குக் கால் இருக்கா?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் வச்சேன்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

எர்சீனா உட்கார்ந்தபடியே இருந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தம்பிக்குச் சாப்பிட வச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஜோர்லாங் தலையைப் பிடித்துக்கொண்டான். அவனால் சும்மா இருக்க முடியாது.

"அட மச்சான்! அது ஒனக்குத் தின்னக் குடுத்ததுய்யா! சின்ன வயசுல உங்கம்மா எனெரிக் தேன்தாழையப் பத்திக் கத சொல்லுவாங்களாம், அது வேணும்னு நீ அழுவியாம். அதச் சொல்லித்தான் உங்க அக்கா விடியறதுக்குள்ள என்ன எழுப்பி எனெரிக்குக்கு வெரட்டுனா. தகரவில்ல மரத்த நீ பறிப்பேன்னு புள்ளையக்கூட அது பக்கத்துல விடல. அந்தப் பழம் பறிக்க ஆளில்லாம, தானா விழுந்து அழுகிப்போச்சு. நீ கூடைய அப்படியே பையில கொட்டிக் கட்டுன பாரு, அத வாசல்ல நின்னு பாத்தா. அன்னைக்கு எங்கிட்டகூட ஒரு வார்த்த பேசல. ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணுதான் சொன்னா. என் கையால குடுத்ததத் தின்ன எந்தம்பிக்குப் பயமா இருக்கு, மெஷின்கிட்டக் குடுத்துக் கேக்கறான்னா."

யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தைத் தாண்டிப்போன கைகளெல்லாம் மடிகளில் கிடந்தன.

அலிக்குக்கு நிற்க இடமில்லாமல் போனது. அக்கா பொய் சொன்னாள் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பொய்யைத் தான் பெருந்தன்மையோடு மூடி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு அதற்காகத் தியாகம் செய்ய வந்து நின்றான். அவளோ ஒரு கூடை பழம் கொடுத்திருந்தாள், அவ்வளவே. அவள் மனதில் மெஷினும் இல்லை, நிலத்தின் பெயரும் இல்லை. அத்தனை கள்ளத்தனமும் அவன் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. செத்துப்போகலாம் என்று இருந்தது அவனுக்கு. தொப்பியைப் போட்டுக்கொள்ளவும் கூசியது, கையில் வைத்திருக்கவும் கூசியது.

படகு தப்பித்தது. அடுத்த கப்பலில் வருகிற பொட்டாஷில் முதல் மூட்டைகள் எர்சீனாவின் நிலத்துக்கு என்று கவுன்சில் சொன்னது. அதுவரைக்கும் தர்லீனுக்கு எனெரிக் பழமும் கப்பல் அரிசியும். வெஸ்லி அலிக்கைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் பறிக்கும்போது கூட ஒரு ஆள் நிற்பார் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் எர்சீனாவின் நிலத்தில் புதிதாக மாதிரி எடுக்கப் போனார்கள். அலிக் மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. குழியைத் தோண்டி மண்ணை அடுக்கடுக்காக எடுத்தான். பிறகு தகரவில்லை மரத்தில் ஏறினான். இடுப்பு கதறியது, அவன் கேட்கவில்லை. கீழே வெஸ்லி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திருடனுக்குக் காவல் நிற்பதுபோல் நிற்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது, நிற்கட்டும் என்றும் தோன்றியது. பழத்தை வெட்டி இறக்கி, பையில் கட்டி, சீட்டு எழுதினான். இந்த முறை எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தான்.

கை கழுவிவிட்டு வந்தபோது வீட்டு முன்னால் பாய் விரித்திருந்தது. எர்சீனா சமையல் குடிசையிலிருந்து வந்தாள். அலிக் தன்னையறியாமல் அவள் கையைப் பார்த்தான். கூடை இல்லை. ஒரு தட்டில் கப்பல் பிஸ்கட், மேலே ஒரு டின் இறைச்சி. தீவுச் சாப்பாட்டைத் தொடாத வெள்ளைக்காரர்களுக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் எடுத்து வைத்திருப்பார்களே, அந்த டின். ஒரு தட்டை வெஸ்லிக்கு முன்னால் வைத்தாள். அதே மாதிரி இன்னொரு தட்டைத் தம்பிக்கு முன்னால் வைத்தாள். டின்னைத் தானே திறந்து, மூடியின் கூர் கையில் பட்டுவிடாதபடி மடக்கியும் வைத்தாள்.

என்றைக்கும் பேசாமல் வைத்துவிட்டுப் போகிறவள் அன்றைக்குச் சொன்னாள்.

"கப்பல்ல வந்தது தம்பி. பயமில்லாமச் சாப்பிடு."

குரலில் குத்தல் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். இல்லை. விருந்தாளிக்குச் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னாள், உள்ளே போனாள். அலிக் தொப்பியைக் கழற்றிப் பாயின் கீழே தள்ளினான். பிஸ்கட்டை எடுத்து இறைச்சியில் தொட்டான். வாசலில் தர்லீன் எனெரிக் தேன்தாழைச் சுளை ஒன்றைச் சப்பிக்கொண்டு மாமா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் நீட்டவில்லை. அவனும் கேட்கவில்லை. தட்டில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தான்.